பாம்பன் பாலமும் காற்றின் கணிதமும்

தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றபடியால் புகைவண்டியின் ஓசை எட்டாத பாலமுனையிலும், 1978 நவம்பர் 23 இரவில் இலங்கையின் கீழ்க்கரையைச் சூறையாடிய சண்டமாருதத்தை மறவாத பெரியவர்கள், காற்றுக்கு அஞ்சி வண்டியை நிறுத்திவைக்கும் பாம்பன் பாலத்து வழக்கத்தை விசித்திரமாக எண்ணமாட்டார்கள். 1914-இல் திறக்கப்பட்டு, தலைமன்னார்க் கப்பலுக்குரிய பிரயாணிகளைத் தனுஷ்கோடி நோக்கி அனுப்பிவந்த அந்தப் பாலம், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி பிழைத்துநிற்க, பெரும்பாலும் சிதைந்தது. தனுஷ்கோடியை நெருங்கிய வண்டியொன்றையும், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடல் கொண்டது. பின்னாளில் காற்றுமானியோடு சைகை பிணைக்கப்பட்டு, மணிக்கு 58 கிலோமீற்றரை வேகம் கடந்தால் வண்டி நிற்கவேண்டும் என்ற நியமம் அமைந்தது.

எத்தகைய காற்றைத் தாங்குமாறு பாலம் கட்டுவது என்பதோ இதனினும் கடினமான பிரச்சினை. அதற்குச் சராசரிக் காற்று உதவாது. ஆண்டுதோறும் வீசிய உச்ச வேகங்களை மட்டும் திரட்டி ஆராயும் சாஸ்திரத்தை, ஜெர்மனியில் பிறந்த கும்பெல் 1958-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். அதன்படி 50 ஆண்டுக் காற்று என்பது, கடன்காரனைப்போல் தவணை பார்த்து வருவதன்று. எந்த ஆண்டிலும் அதற்கு நூற்றுக்கு 2 பங்கு சாத்தியமுண்டு. 50 ஆண்டு நிற்கும் பாலம் அதனை ஒருமுறையேனும் சந்திக்கும் சாத்தியமோ, பலர் நம்ப மறுப்பினும், நூற்றுக்கு ஏறக்குறைய 64.