விமானி ஆக வெளிநாடு போகும் முன்: உரிமம் எந்த நாட்டுடையது?

கெப்பாலா பத்தாஸ் – செபராங் பிறை வடக்கில் வளரும் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தின் ஹார்னெட் போர் விமானங்கள் தாழப் பறந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எஸ்.பி.எம். முடித்ததும் "நான் பைலட் ஆகணும்" என்று சொல்வதில் வியப்பில்லை. அடுத்த வாரமே கைப்பேசியில் வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்கள் வரிசையாக வரத் தொடங்கும். அம்மாவின் நகை, அப்பாவின் சேமநிதி, தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய தாமான் வீடு எல்லாம் அதன் பிறகு கணக்குக்குள் வந்துவிடும். அந்தக் கணக்கைப் போடும் குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். வர்த்தக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். மலேசியாவில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் (சிஏஏஎம்) அங்கீகரித்த மருத்துவர்களே இதற்கான பரிசோதனையைச் செய்வார்கள். கண்ணாடி போட்ட பிள்ளை விமானி ஆக முடியாது என்பது பழைய பேச்சு. அனைத்துலக விதிப்படி கண்ணாடி அணிந்தாவது ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும். நிறப் பார்வைக் குறைபாடு வேறு விஷயம். இது ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வரும். பலருக்கு இருபது வயது வரை தெரியாமலே இருக்கும். விமானம் தரையிறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் பாதை சரி. நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் பிரித்தறிய முடியாதவரிடம் பயணிகளை ஒப்படைக்க முடியாது. பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பரிசோதனைச் செலவு ஒன்றுமே இல்லை.

அடுத்தது, விமான நிலையத்தில் நாம் பார்த்தும் கவனிக்காத ஒன்று. மலேசிய விமானங்களின் உடலில் '9எம்' என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். சிங்கப்பூர் விமானத்தில் '9வி', இந்திய விமானத்தில் 'விடி', இலங்கை விமானத்தில் '4ஆர்'. வண்டிக்கு நம்பர் பிளேட் போல, விமானம் எந்த நாட்டில் பதிவானது என்பதை இது காட்டுகிறது. 1944-இல் சிக்காகோவில் கையெழுத்தான அனைத்துலக விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 32-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானத்தை ஓட்டுபவரிடம் அந்த விமானம் பதிவான நாடு கொடுத்த உரிமமோ, அந்த நாடு செல்லுபடியாக்கிய உரிமமோ இருக்க வேண்டும்.

இதன் பொருள் எளிது. உங்கள் மகள் பிலிப்பைன்ஸிலோ ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ நல்லபடியாகப் படித்து வாங்கி வரும் உரிமம் அந்த நாட்டு உரிமம். அதைக் காட்டி 9எம் விமானத்தில் ஏற முடியாது. இங்கே வந்து சிஏஏஎம் கேட்கும் எழுத்துத் தேர்வு, மருத்துவச் சான்று, பறத்தல் தேர்வு ஆகியவற்றை முடித்து மலேசிய உரிமமாக மாற்ற வேண்டும். இதற்குத் தனிப் பணமும் தனி மாதங்களும் ஆகும். பல விளம்பரங்களில் இந்த வரி இருப்பதில்லை. "எங்கள் உரிமம் உலகம் முழுவதும் செல்லும்" என்று முகவர் சொன்னால், "மலேசிய உரிமமாக மாற்ற என்னென்ன தேர்வு, எவ்வளவு செலவு?" என்று எழுத்தில் கேளுங்கள். அதே கேள்வியைச் சிஏஏஎம்-இடமும் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மணிக்கணக்கிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அனைத்துலக அளவுகோல் 200 மணி நேரப் பறத்தல். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியாக இருந்தால் 150. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். இந்த மணிகளுக்குள் 540 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு பயணத்தைத் தானே பொறுப்பேற்று ஓட்டி, வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வழியில் 250 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பள்ளி வழியில் 190. அங்கே படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2009-இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். 2013 முதல் அமெரிக்கப் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. பயிற்சி மாணவர் விசாவில் போனவர் மீதமுள்ள ஆயிரத்துச் சொச்ச மணி நேரத்தை அங்கே எப்படிச் சேர்ப்பார் என்பதை முன்பே யோசிக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அங்கே விமானம் ஓட்டக் கற்கும் வெளிநாட்டவர் தனியாகப் பாதுகாப்புச் சோதனையும் முடித்தாக வேண்டும்.

வர்த்தக உரிமம் மட்டும் இருந்தால் விமான நிறுவனம் அழைக்காது. கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும் தகுதி, இரட்டை இயந்திர விமானத் தகுதி, ஏடிபிஎல் எனப்படும் உயர்நிலை உரிமத்தின் எழுத்துத் தேர்வுகள் என மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வை முடித்து 1,500 மணி நேரத்துக்காகக் காத்திருக்கும் நிலையைத்தான் 'ஃபுரோசன் ஏடிபிஎல்' என்கிறார்கள். பள்ளி சொல்லும் கட்டணத்தில் இவை எல்லாம் அடக்கமா என்று பாருங்கள். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' பெரும்பாலும் அடக்கமாக இருக்காது.

பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உள்நாட்டில் படித்தாலே மூன்று, நான்கு லட்சம் வெள்ளி என்று போகும் படிப்பு இது. வெளிநாட்டுக் கட்டணம் குறைவு போலத் தெரிவதற்கு ஒரு காரணம், அது டாலரில் எழுதப்பட்டிருப்பது. 60,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2014 நடுவில் ஒரு டாலர் ஏறக்குறைய 3.20 வெள்ளி, மொத்தம் 192,000 வெள்ளி. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80-ஐத் தொட்டது, அதே படிப்பு 288,000 வெள்ளி. 1997-இல் நாணய நெருக்கடி வந்தபோது வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒன்றரை ஆண்டுப் படிப்பு என்றால், வானிலை, விமானப் பழுது, ஆசிரியர் பற்றாக்குறை என்று ஏதாவது ஒன்று அதை நீட்டிக்கும். அந்தக் கூடுதல் மாதங்களின் வாடகை, சாப்பாடு, விசா நீட்டிப்பு எல்லாம் நம் தலையில்தான்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. இந்தத் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பல்லாண்டு நடந்த டேசைட் ஏவியேஷன் பள்ளி 2023 ஏப்ரலில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. பணம் கட்டிய மாணவர்கள் பாதியில் நின்றார்கள். ஆஸ்திரேலியாவில் சோர் ஏவியேஷனுக்கும் 2021 தொடக்கத்தில் இதே கதிதான். அது மெல்பர்னில் உள்ள ஓர் அரசுத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்து பயிற்சி நடத்திய பள்ளி. மாணவர்கள் இரண்டின் மீதும் கூட்டு வழக்குப் போட வேண்டியதாயிற்று. பெரிய நாடு, அரசுக் கல்லூரியின் பெயர் என்பதால் மட்டும் பணம் பத்திரம் என்று ஆகிவிடாது. பறக்கும் மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். சேமநிதியில் இதற்குப் பணம் எடுக்கலாமா என்பதைச் சேமநிதி அலுவலகத்திலேயே கேளுங்கள். முகவரின் வாய்வார்த்தை வேண்டாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, ஆங்கிலம் தாங்குமா என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. வெளிநாட்டுப் பயணம் ஓட்டும் விமானிக்கு அனைத்துலக அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும். மொத்தம் ஆறு நிலைகள். நான்காம் நிலைக்கான வரையறையிலேயே, தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது கேட்பவருக்குப் புரிவதை எப்போதாவதுதான் தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வானொலியில் எண்களைக்கூட யாருக்கும் குழம்பாதபடி மாற்றித்தான் சொல்வார்கள்: மூன்றுக்கு 'ட்ரீ', ஒன்பதுக்கு 'நைனர்'. வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டியதில்லை. சொல்வது தெளிவாகவும், எதிர்பாராத சிக்கலை விளக்கும் அளவுக்கும் இருக்க வேண்டும். கணிதத்திலும் இயற்பியலிலும் தடுமாறும் பிள்ளைக்குத்தான் உண்மையில் சிரமம் அதிகம்.

கடல் தாண்டாத வழிகளையும் பார்த்துவிடலாம். மலாக்கா பத்து பெரெண்டாமில் மலேசியன் ஃப்ளையிங் அகாடமி இருக்கிறது. இங்கே படித்தால் கையில் கிடைப்பது நேராக மலேசிய உரிமம். விமான நிறுவனங்கள் அவ்வப்போது கேடட் விமானி திட்டம் அறிவிக்கும்; அதில் ஒப்பந்த ஆண்டுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்னொரு வழி விமானப்படை. நம் ஊரின் பெயரையே கொண்ட இன்னொரு கெப்பாலா பத்தாஸ் கெடாவில், அலோர்ஸ்டார் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. படையின் விமானிகள் அங்கேதான் பிலாட்டஸ் பிசி-7 விமானத்தில் பறக்கக் கற்கிறார்கள். பயிற்சிச் செலவு அரசுடையது, பதிலுக்குப் பல ஆண்டுச் சேவை. நம் பிள்ளைகள் இந்த வாசலை இன்னும் அதிகமாகத் தட்டலாம் என்பது என் எண்ணம்.

உரிமத்தோடு திரும்பி வந்த பிறகு வேலை உடனே கிடைக்காமல் போகலாம். 2015-இல் மாஸ் மறுசீரமைப்பில் 6,000 பேர் வேலை இழந்தார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அனுபவமுள்ள கேப்டன்களே வீட்டில் இருந்தார்கள். காத்திருக்கும் காலத்திலும் உரிமம் சும்மா இருக்காது. மருத்துவச் சான்றையும் கருவி வழிப் பறத்தல் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு விமானமோ சிமுலேட்டரோ வாடகைக்கு எடுக்க வேண்டும். வங்கிக் கடன் தவணையும் அதே மாதம் தொடங்கியிருக்கும். இந்த இரண்டு ஆண்டுச் செலவை, கட்டணத்தோடு சேர்த்து முதல் நாளே தாளில் எழுதிப் பாருங்கள்.