இல்லம் எனும் விதிவிலக்கு: மாற்றுத்திறனாளிகளின் வீட்டுப்பணி குறித்த சட்ட வரலாறு

வீட்டிலிருந்து பணியாற்றுதல் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது தோன்றிய புதுவழக்கம் என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை அதன் வரலாறு நீண்டது. அதனை அறிய அமெரிக்கச் சட்டங்கள் பெரிதும் துணைபுரிகின்றன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில், வீட்டுப்பணி அவர்களுக்கு ஒருமுறை விதிவிலக்காக வழங்கப்பட்டது. மறுமுறை, அவர்களுள் ஒருவர் வேண்டிக் கேட்டபோது மறுக்கப்பட்டது. முரண்பட்டவைபோல் தோன்றும் இவ்விரு முடிவுகளின் அடிப்படை ஒன்றே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1938இல் அமெரிக்கா நியாயமான தொழில்தரச் சட்டத்தை இயற்றி, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 காசு என வரையறுத்தது. தொழிற்சாலையில் நடைமுறைப்படுத்த இயன்ற இவ்விதி வீட்டு வாயிலில் நின்றுவிட்டது. துண்டுக்கணக்கில் கூலி பெற்ற இல்லங்களில் வேலைநேரத்தைக் குறித்துவைப்பார் எவருமிலர். குழந்தைகளும் ஊசி பிடித்தனர். ஆகவே 1940களின் முற்பகுதியில் மகளிர் ஆடை, பின்னலாடை, கையுறை, பொத்தான், கைக்குட்டை, பூத்தையல், நகை ஆகிய ஏழு தொழில்களில் வீட்டுவேலை தடைசெய்யப்பட்டது.

தடைக்கு விதிவிலக்கும் இருந்தது. முதுமையாலோ உடல், மனக் குறைபாட்டாலோ தொழிற்சாலை வேலைக்குத் தம்மைப் பொருத்திக்கொள்ள இயலாதவரும், வீட்டில் நோயாளியைப் பேண வேண்டியவரும் சான்றிதழ் பெற்று வீட்டில் வேலை செய்யலாம். இவ்விதியின் வாசகம் ஊன்றி நோக்கத்தக்கது. பொருத்திக்கொள்ள வேண்டியவர் தொழிலாளி; தொழிற்சாலை அன்று. பிறருக்குச் சுரண்டல் எனக் கருதி விலக்கப்பட்ட ஒன்றே இவர்களுக்குச் சலுகையாயிற்று. மேலும், அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, இயலாமையால் உழைப்புத்திறன் குன்றியோர்க்குத் தனிச்சான்றிதழின் பேரில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக வழங்க இடமளித்தது.

1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இப்பார்வையைத் தலைகீழாக மாற்றியது. நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை இப்போது முதலாளியைச் சார்ந்தது. எனினும் 1995இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அக்கடமையின் எல்லையைக் காட்டிற்று. விஸ்கான்சின் மாநில அரசில் எழுத்துப்பணியாற்றிய, இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பெண்மணி ஒருவர், படுக்கைப்புண்ணால் எட்டு வாரம் வீட்டிலிருக்க நேர்ந்தபோது முழுநேரமும் அங்கேயே பணிபுரிய விரும்பி, கணினி ஒன்றும் கேட்டார். கணினி மறுக்கப்பட்டது. எனினும் அவ்வெட்டு வாரத்தில் பதினாறரை மணிநேரம் நீங்கலாக முழுமையும் அவர் வேலை செய்தார். அப்பதினாறரை மணிநேரம் மருத்துவ விடுப்பில் கழிக்கப்பட்டது. இத்துணைச் சிறு கணக்கிற்காக ஒரு மாநில அரசு வழக்காடியது வியப்பளிக்கிறது. வழக்கில் அரசே வென்றது. மேற்பார்வையின்றிச் செய்யும் வேலையின் தரம் குன்றும் என்றும், தகவல்தொடர்புத் தொழில்நுட்பம் வளருங்கால் இந்நிலை மாறும் என்றும் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் கருதினார்.

1940களில் தொழிற்சாலை மாறாது என்பதால் இல்லம் வழங்கப்பட்டது; 1995இல் அலுவலகம் மாறாது என்பதால் இல்லம் மறுக்கப்பட்டது. இரண்டிலும் அசையாதிருந்தது வேலையிடமே. அவர் விரும்புவது எது என்பது முதலாவதில் கேட்கப்படவேயில்லை. இரண்டாவதில் கேட்கப்பட்டும் பயனில்லை. 2020இலோ பல்லாயிரம் அலுவலகங்கள் சில நாள்களில் மாறின. மாறாதெனக் கொள்ளப்பட்டது மாறியதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று; அதனை வேண்டியவர்கள் யார் என்பதும் ஆகும்.

மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இதுவே நிகழ்ந்தது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு பிறர்க்கு இணையாக வேலைவாய்ப்புப் பெறும் உரிமையை முன்னரே ஏற்றிருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள 60பி, 60கியூ பிரிவுகளின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தருமாறு ஊழியர் எழுத்துவழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துவழி விடையளிக்க வேண்டும். மறுப்பின் காரணம் கூற வேண்டும். எத்தகைய காரணம் போதுமானது என அப்பிரிவுகள் வரையறுக்கவில்லை. மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் அவற்றில் இடம்பெறவில்லை.