மூளைக்கு வேலை கொடுங்கள்: வீட்டிலேயே செய்து பார்க்க ஐந்து சோதனைகள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலை, சின்னம்மாவுடன் கதைப்பதற்காக அம்மா எனது கைத்தொலைபேசியை வாங்கினார். அவருடையதில் சார்ஜ் இல்லை. இலக்கத்தை அழுத்தப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு காலத்தில் உறவினர் வீட்டு இலக்கங்கள் அத்தனையையும் மனதில் வைத்திருந்தவர் அவர். "எனக்கும் அம்மம்மாவுக்கு வந்த மாதிரி வரப்போகுதோ?" என்று கேட்டார். அம்மம்மா தனது கடைசிக் காலத்தில் எங்களில் ஒருவரையும் அடையாளம் காணவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இணையத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுபவை விளம்பரங்கள்தான். ஞாபகசக்திக்கான மாத்திரை, மூளையைக் கூர்மையாக்கும் செயலி, பரீட்சை எழுதும் பிள்ளைக்கான பானம் என்று அவை நீளுகின்றன. ஆனால் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அறியவும், அதற்குப் பயிற்சி கொடுக்கவும் பெரும்பாலும் ஒரு தாளும் பேனாவும் போதும்.

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடை கொண்டது. உடல் எடையில் அது சுமார் 2 வீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனுள் சுமார் 86 பில்லியன் நரம்புக் கலங்கள் இருப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது.

1. கண் காணாததை மூளை நிரப்புகிறது

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் அடையாளமும், அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் அடையாளத்தை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீளத்திலிருந்து மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் புள்ளி மறைந்துவிடும்.

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டறிந்தார். அந்த இடத்தில் ஓட்டை எதுவும் நமக்குத் தெரிவதில்லை, வெள்ளைத் தாளே தெரிகிறது. சுற்றியுள்ளதைப் பார்த்து மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

2. நிறமா, சொல்லா?

நீலப் பேனாவால் "சிவப்பு" என்றும், சிவப்புப் பேனாவால் "பச்சை" என்றும், பச்சைப் பேனாவால் "நீலம்" என்றும் மாற்றி மாற்றி இருபது சொற்கள் எழுதுங்கள். இப்போது சொல்லை வாசிக்காமல், எழுதிய மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும்.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வின் வடிவம் இது. வாசிப்பு நமக்குப் பழகிப்போன வேலை என்பதால் மூளை கேட்காமலே வாசித்துவிடுகிறது. அதை அடக்கி நிறத்தைச் சொல்வதற்குத்தான் முயற்சி தேவைப்படுகிறது. இன்னும் எழுத்துப் பழகாத பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் வராது. குடும்பமாக விளையாடினால் சின்னவர்தான் வெல்வார்!

3. பதினாறு இலக்கங்கள்

வீட்டில் ஒருவரிடம் 1948197220042022 என்ற எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் காட்டி, பின்னர் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் ஏழு இலக்கங்களைச் சுற்றியே நின்றுவிடுவார்கள். உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த எல்லையைப் பற்றியதுதான்.

இப்போது அதையே நான்காகப் பிரியுங்கள்: 1948 சுதந்திரம், 1972 குடியரசு, 2004 ஆழிப்பேரலை, 2022 பொருளாதார நெருக்கடி. இனி அந்த எண் மறக்காது. நினைவாற்றல் கூடிவிடவில்லை. ஏற்கெனவே தெரிந்த நான்கு விடயங்களோடு எண்ணைக் கட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

4. படலையிலிருந்து குசினி வரை

கடைக்குப் போவதற்கான பத்துப் பொருட்களை எழுதாமல் நினைவில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி உங்கள் வீட்டுக்குள் நடந்து போங்கள். படலையில் சவர்க்காரம் நுரைத்து வழிகிறது. கிணற்றடியில் பருப்பு மூட்டை மிதக்கிறது. விறாந்தைக் கதிரையில் ஒரு பூசணிக்காய் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிறது. காட்சி எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடையில் நின்று அதே வழியில் மீண்டும் நடந்தால் பொருட்கள் அந்தந்த இடத்தில் காத்திருக்கும்.

பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் பயன்படுத்திய முறை இது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பயிற்சி இல்லாத சாதாரணமானவர்கள் நாளுக்கு அரை மணிநேரமாக 40 நாட்கள் இதைப் பழகினர். 72 சொற்களில் சராசரியாக 26ஐ நினைவில் வைத்திருந்தவர்கள், முடிவில் 62 சொற்களைச் சொன்னார்கள்.

5. புத்தகத்தை மூடிப் படியுங்கள்

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடியது இதுதான். ஒரு பாடத்தை வாசித்து முடித்ததும் மீண்டும் வாசிக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருப்பதை எழுதிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தனர். ஐந்து நிமிடங்களின் பின் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதத்தையும், திரும்ப வாசித்தவர்கள் 42 வீதத்தையும் நினைவில் வைத்திருந்தனர். திரும்ப வாசிக்கும்போது பாடம் பழகியதாகத் தெரிவதால், படித்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு இதைச் செய்தால் பலன் இன்னும் அதிகம்.

பயிற்சி எதை மாற்றும், எதை மாற்றாது?

1980இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் 230 மணிநேரத்துக்கும் மேலாக இலக்கங்களை நினைவில் வைக்கப் பழகினார். ஏழு இலக்கங்களில் தொடங்கியவர் 79 வரை போனார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துக்களைக் கொடுத்தபோது அவரால் ஆறைத்தான் சொல்ல முடிந்தது.

லண்டன் டாக்சி சாரதிகள் அந்த நகரின் சுமார் 25,000 வீதிகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வழிகளை நினைவில் வைக்க உதவும் மூளைப்பகுதி ஒன்றின் பின்பாகம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் எலினர் மக்குவயரின் குழு காட்டியது. இந்தக் கலை நமக்கும் புதிதல்ல. புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை, ஒரே வேளையில் பல விடயங்களில் கவனம் வைக்கும் அவதானக் கலையில் தேர்ந்து 'சதாவதானி' என்று பெயர் பெற்றவர்.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்றுதான்: எதைப் பழகுகிறோமோ அதில்தான் மூளை தேறுகிறது. 11,430 பேர் பங்குகொண்டு 2010இல் வெளியான ஆய்வொன்றும் இதையே சொன்னது. ஆறு வாரங்கள் கணினி விளையாட்டுகளைப் பழகியவர்கள் அந்த விளையாட்டுகளில் தேறினார்கள். வேறு வேலைகளில் அவர்களுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. 'லூமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாகக் கூறிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் வழக்கை முடிக்க 2016இல் 2 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது.

ஆகவே சுடோகு பிடித்தால் சுடோகு போடுங்கள். பேரப்பிள்ளையோடு நொடி அவிழ்ப்பதும், தாயம் உருட்டுவதும், புதிய மொழியாகச் சிங்களம் பழகுவதும் நல்லவைதான். ஆனால் பெயர்கள் மறக்கின்றன என்றால் பெயர்களைத்தான் பழக வேண்டும்.

உடம்பை மறக்க வேண்டாம்

2011இல் வெளியான ஓர் ஆய்வில், முதியவர்கள் வாரம் மூன்று நாட்கள் தலா 40 நிமிடங்கள் வரை ஒரு வருடம் நடந்தனர். நினைவுடன் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவர்களில் சுமார் 2 வீதம் பெருத்திருந்தது. நல்ல நித்திரையும் முக்கியம். அன்று படித்தது நினைவில் உறைவதற்கு அது உதவுகிறது.

'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் முதுமறதி நோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், உடல் உழைப்பின்மை, தனிமை என்பவற்றோடு, கவனிக்காமல் விட்ட காது கேளாமையும் கண் பார்வைக் குறைவும் அதில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் முதுமறதியில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு. செயலிக்குக் கட்டும் சந்தாவை விட, அப்பாவின் காதைப் பரிசோதிப்பது பயன் தரலாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். பழகிய பாதையில் வழி தவறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தினமும் சமைக்கும் கறியின் ஒழுங்கு குழம்புவது, காசுக் கணக்கில் தடுமாறுவது, குணம் மாறுவது என்பன அப்படியல்ல. அவற்றைக் கண்டால் "வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரைக் காணுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற, சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்களாலும் மறதி வரும்.

அம்மாவையும் வைத்தியரிடம் அழைத்துப் போனோம். பயப்பட எதுவும் இல்லை என்றார். பல வருடங்களாக அந்த இலக்கத்தை நினைவில் வைத்திருந்தது கைத்தொலைபேசிதான், அம்மா அல்ல. இப்போது அவர் பெயரைத் தொட்டு அழைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் சின்னம்மாவின் பத்து இலக்கங்களையும் மனதிலிருந்து எடுத்து அழுத்துகிறார். சில நாட்களில் பிழையான ஆட்களும் பேசுகிறார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அழுத்துகிறார்.