தர்பங்கா மகாராஜாவும் ஒன்பதாம் அட்டவணையும்

1793 இல் கோர்ன்வாலிஸ் பிரபு வங்காளம், பீகார் முதலிய பகுதிகளில் நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தியபோது, அதுவரை பெரும்பாலும் வரி தண்டுவோராயிருந்த ஜமீந்தார்கள் நிலவுடைமையாளராயினர். அவர்கள் அன்று பெற்ற வாரத்திற் பதினொன்றிற் பத்துப் பங்கு அரசுக்குரியதென மதிக்கப்பட்டு, அத்தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. குடியானவர் இறுக்கும் வாரத்துக்கோ அத்தகைய வரம்பு இடப்படவில்லை. பிற்காலத்தில் நீதிமன்றங்களிற் போற்றிப் பேசப்பட்ட ஜமீந்தாரின் தனியுடைமை, அரசொன்று தன் வசதிக்காக ஆக்கிக் கொடுத்த உடைமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அத்தகைய ஜமீன்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று பீகாரின் தர்பங்கா. 1929 இல் அதன் பட்டத்துக்கு வந்த காமேஷ்வர் சிங், வட்டமேசை மாநாட்டிலும் பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தவர். ஆதலின் ஜமீன்களை அரசு கையேற்க முற்பட்டபோது அவர் நாடியது நீதிமன்றத்தையே.

1950 ஆம் ஆண்டின் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன்களை மாநில அரசின் உடைமையாக்கியது. நட்டஈடு ஏறுமுகமாகவன்றி இறங்குமுகமாக அமைந்தது. ஆண்டு நிகர வருமானம் 500 ரூபாவுக்கு மேற்படாதவருக்கு அதன் இருபது மடங்கு. ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவருக்கு மூன்று மடங்கு மட்டுமே. இத்தகைய வழக்குகளை எதிர்பார்த்தே அரசியலமைப்பை ஆக்கியோர் 31 ஆம் உறுப்புரையில் ஓர் உட்பிரிவைச் சேர்த்திருந்தனர். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த வேளையிற் சட்டசபையில் நிலுவையிலிருந்து, பின் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டத்தை நட்டஈடு போதாதென்று எதிர்க்க இயலாது. பீகார்ச் சட்டம் அப்பாதுகாப்பைப் பெற்றிருந்தது. ஆனால் மகாராஜாவின் தரப்பினர் வேறொரு வாயிலால் நுழைந்தனர். செல்வருக்கு ஒரு மடங்கும் சிறியோருக்கு வேறொரு மடங்கும் கொடுப்பது, சட்டத்தின் முன் யாவரும் சமம் எனும் 14 ஆம் உறுப்புரைக்கு மாறானது என்பதே அவர்களின் வாதம். 1951 மார்ச் 12 அன்று பாட்னா உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சமத்துவமின்மையால் வாழ்ந்த ஒரு வர்க்கம் சமத்துவத்தின் பெயரால் வென்றது விசித்திரமே. எனினும் எழுத்தளவில் அவ்வாதம் வெறும் சூழ்ச்சியன்று. உறுப்புரையின் சொற்கள் அதற்கு இடந்தந்தன. வழக்கில் எதிரெதிரே நின்றவை ஜமீனும் அரசும். உழுதவன் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

நேரு அரசாங்கம் மேன்முறையீட்டின் முடிவுக்குக் காத்திராது அரசியலமைப்பையே திருத்தியது. 1951 ஜூனில் நிறைவேறிய முதலாவது திருத்தம் 31அ, 31ஆ எனும் உறுப்புரைகளையும் ஒன்பதாம் அட்டவணையையும் சேர்த்தது. அவ்வட்டவணையில் இடம்பெறும் சட்டம் எதனையும் அடிப்படை உரிமைக்கு முரணானதெனத் தள்ள இயலாது. முதலில் அதில் இடம்பெற்றவை 13 சட்டங்கள். திருத்தத்தை எதிர்த்த வழக்கை அதே ஆண்டு ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1952 இல் பீகார்ச் சட்டமும், இரு பிரிவுகள் நீங்கலாக, நிலைநிறுத்தப்பட்டது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, ஜமீந்தாருக்கு வரவேண்டியிருந்த வார நிலுவையை அரசு எடுத்துக்கொண்டு அதிற் பாதியை மட்டும் அவருக்கு ஈடாகக் கணக்கிட்ட பிரிவாகும். அவ்வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட உத்தரப் பிரதேச வழக்குகளில் ஜமீந்தார் சிலருக்காக வாதிட்டவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராயிருந்த அம்பேத்கார்.

மகாராஜா ஜமீனை இழந்தார். 1962 இற் காலமானார். அவரது எதிர்ப்பு தோற்றுவித்த அட்டவணையோ வளர்ந்துகொண்டே சென்றது. நிலச் சீர்திருத்தத்துக்கென அமைக்கப்பட்ட அரணுள், நிலத்தோடு தொடர்பற்ற சட்டங்களையும் பிற்கால அரசாங்கங்கள் ஒளித்து வைத்தன. நிலப்பிரபுவை அடக்க உருவாக்கிய கருவி குடிமகன் எவனுக்கு எதிராகவும் திரும்பக்கூடியது என்பதை 1951 இன் அவசரத்தில் ஆட்சியாளர் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை. 1973 ஏப்ரல் 24 இன் பின்னர் அதிற் சேர்க்கப்பட்ட சட்டங்களை நீதிமன்றம் ஆராயலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007 இலேயே. அப்போது அதிலிருந்த பதிவுகள் 284 வரை எட்டியிருந்தன. முதலாவது பதிவு, 1950 ஆம் ஆண்டின் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம்.