அசைவுக்கு ஒரு பெண் எழுதிய இலக்கணம்

பாலே என்றதும் கால்விரல் நுனியில் எடையற்று நிற்கும் ஒரு பெண்ணே நினைவுக்கு வருகிறாள். அந்த எடையின்மைக்குப் பின்னுள்ள பயிற்சியை வகுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பெரும்பாலும் ஆண்கள்: நூல் எழுதிய கார்லோ பிளாசிஸ், நடனம் அமைத்த மரியஸ் பெட்டிபா, ஆசிரியர் என்ரிகோ செக்கெட்டி. ஆடியவள் பெண், அவள் ஆட்டத்துக்கு இலக்கணம் சொன்னவன் ஆண்.

இந்த வரிசையில் குறுக்கிட்டவர் அக்ரிப்பினா வாகனோவா (1879–1951). பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டிய எளிய பணியாளரின் மகள். 1897இல் நடனக் குழுவில் சேர்ந்தார். பெட்டிபாவுக்கு அவர் ஆட்டம் பிடிக்கவில்லை. முதன்மை நடனமணி என்ற தகுதி 1915இல்தான் கிடைத்தது. மறு ஆண்டே மேடையை விட்டு விலகினார்.

காத்திருந்த ஆண்டுகளில் அவர் தன் உடலையே பாடமாக வாசித்தார். பிரெஞ்சு வழியின் மென்மை எங்கே தளர்ச்சியாகிறது, இத்தாலிய வழியின் வலிமை எங்கே விறைப்பாகிறது என்று ஒப்பிட்டார். முதுகின் உறுதியிலிருந்தே சுழற்சியும் தாவலும் பிறக்கின்றன என்று கண்டார்.

1921இல் தான் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். முதலில் கைப்பிடிக் கம்பியருகே முழங்கால் மடக்கும் பிளியே, பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டும் தாந்த்யூ, பிறகு கூடத்தின் நடுவில், கடைசியில் தாவல்கள். மெதுவாகச் செய்து பிழை நீங்கிய பின்னரே வேகம். ஒரு சுழற்சி தவறினால், மறுபடி செய் என்பதோடு அவர் விடவில்லை. ஏன் தவறியது என்று மாணவியே விளக்க வேண்டும். மரீனா செம்யோனவா, கலீனா உலானவா, நதாலியா துதின்ஸ்கயா ஆகியோர் இந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். 1934இல் அவர் தன் முறையை நூலாக்கினார்.

பெண்ணுடலைப் ‘பழக்குதல்’ என்ற சொல்லை ஐயத்தோடு பார்ப்பவள் நான். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அடக்குதலின் மறுபெயர். வாகனோவாவின் வகுப்பும் கண்டிப்பானது. அரசு மேடைக்குத் தகுந்த உடல்களைத்தான் அதுவும் வார்த்தது. ஆனால் காரணம் கேட்காமல் திரும்பச் செய்வது கீழ்ப்படிதல். காரணம் அறிந்து திரும்பச் செய்வது அறிவு. தன் பிழைக்கான காரணத்தைத் தானே சொல்லத் தெரிந்த பெண், தன் உடலைப் பற்றிப் பேசும் உரிமையை இன்னொருவர் கையில் விடமாட்டாள்.

1957இல் அந்தப் பள்ளிக்கு வாகனோவாவின் பெயர் சூட்டப்பட்டது. முதன்மை இடத்துக்காக 18 ஆண்டுகள் காக்கவைக்கப்பட்டவரின் பெயர் அது.