கலெக்டர் கொடுத்த கவுல்

வேடந்தாங்கல்காரர்களைப் பறவை ஆர்வலர்கள் என்று யாராவது மேடையில் புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் விவசாயிகள். ஊர் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டுகின்றன. அவை போடும் எச்சம் தண்ணீரில் கரைந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் காசில்லாமல் வாசலுக்கே வருகிறது. பறவை போனால் உரம் போச்சு.

அதனால்தான் 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே துரைதான். ராமர் அவருக்குக் காட்சி கொடுத்தாரா என்பதைப் பக்தர்களிடம் விட்டுவிடுகிறேன். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அவர் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். கம்பெனி ஆட்சி முடிந்த வருஷம் அது. பழைய தாள் இனிச் செல்லுமோ என்ற பயம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பட்டா வைத்திருப்பவர்களைக் கேட்டால் அந்தப் பயம் தெரியும்.

1936இல் சரணாலயம் ஆனது. 1998 அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரும் எல்லைக்குள் வந்தது. 2022இல் பக்கத்து ஊரான கரிக்கிலியோடு ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

பறவைகளை எண்ணும் பழக்கம் வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அணி பிரிந்து, யார் அதிகம் சுடுவது என்று பந்தயம் வைப்பார்கள். சுடாதீர்கள், எண்ணுங்கள் என்று 1900இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் ஆரம்பித்தார். வேடந்தாங்கலில் சுடுவதை நிறுத்தி அப்போதே நூறு வருஷம் ஆகியிருந்தது, எண்ணத்தான் ஆளில்லை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978இல்தான் வருகிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இன்னும் புதிது, 2015.

பொங்கலை ஒட்டிய நான்கு நாளும் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரை எனக்கு. குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். தாமரைக்கோழி, நாமக்கோழி எல்லாம் சுலபம். கேளம்பாக்கம் உப்பளப் பக்கம் போனால்தான் கண்ணைக் கட்டும்; உள்ளான் கூட்டம் ஒரு நிலையில் நிற்காது. பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனதில் வைத்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று பார்ப்போம். அதற்குள் ஒரு பருந்து வந்தால் முதலிலிருந்து.

நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எல்லோரும் வேடந்தாங்கல் பார்வைக் கோபுரத்தில் ஏறத்தான் ஆசைப்படுகிறார்கள். நத்தைகுத்தி நாரை அங்கே கூடு வைக்கிறது, சரி. சாப்பாடு அங்கே இல்லை. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அந்த அலகோடு, சுற்றுவட்டார நெல் வயல்களில் இறங்கி நத்தை தேடுகிறது. 2020இல் அந்த ஐந்து கிலோமீட்டரை மூன்றாக்க யோசனை வந்து, எதிர்ப்பும் கிளம்பியதே, பேச்செல்லாம் இந்த வயல்களையும் சிறு ஏரிகளையும் பற்றித்தான். கோபுரத்திலிருந்து எண்ணிய கூழைக்கடா அந்த வாதத்தில் சாட்சிக்கு உதவாது. எந்த ஊர் வயலில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை நத்தைகுத்தி மேய்ந்தது என்று எழுதிய வரி உதவும்.