மரப்பட்டையில் எழுதிய காணி உறுதி

அவரின் முழுப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவுஸ்திரேலியாவின் வடகிழக்கு ஆர்னம்லாந்தில் வாழும் யோல்ங்கு மக்களிடம் இறந்தவரின் பெயரை உச்சரிக்காமல் விடும் மரபு உண்டு. 2021இல் அவர் காலமானபின் கலாநிதி பி. மரிகா என்றே குறிப்பிடப்படுகிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1954இல் யிர்கலா என்ற கடற்கரைக் கிராமத்தில் ரிரட்ஜிங்கு குலத்தில் பிறந்தவர். தந்தை மவாலன், மரப்பட்டை ஓவியத்தில் பெயர்பெற்றவர். குலத்தின் புனித வடிவங்களை ஆண்களே தீட்டிவந்த காலத்தில், தன் பெண்பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்.

மழைக்காலத்தில் ஒருவகை யூக்கலிப்டஸ் மரத்தின் பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவார்கள். காவி, மஞ்சள், வெள்ளை மண்ணும் கரியுமே நிறங்கள். மெல்லிய கோடுகளுக்கு மனித தலைமயிரால் செய்த தூரிகை. வெளியாருக்கு அது அலங்காரம். யோல்ங்குகளுக்கு, எந்த நிலம் எந்தக் குலத்துக்கு எந்த மூதாதையரால் வந்தது என்பதற்கான சான்று. காணி உறுதி என்று நான் சொல்வது அதனால்தான். அந்தச் சொல்லின் கனம் நம் வாசகர்களுக்குத் தெரியும்.

1963இல் பொக்சைட் சுரங்கத்துக்காக 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான நிலத்தை, அவர்களைக் கேளாமலே அரசு பிரித்தெடுத்தது. தட்டச்சு செய்த மனுவை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல வடிவங்களைத் தீட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. நீதிமன்றம் போனார்கள். அவர்களிடம் ஒழுங்கான சட்டமுறை இருப்பதை ஏற்ற நீதிபதி, நிலத்தில் சொத்துரிமை இல்லை என 1971இல் தீர்ப்பளித்தார். 1976இல்தான் வடபிராந்தியத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. அந்த மனுக்கள் இன்று கன்பரா நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன.

மனு அனுப்பியபோது பி. மரிகா சிறுமி. 1980களில் சிட்னியில் இருந்தபோது லினோ அச்சுக்கலையில் இறங்கினார். லினோ தகட்டைச் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுப்பது. ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம். ஆபத்தும் அங்கேதான். அவரின் மூத்த அண்ணன் தன் புனித ஓவியத்தைக் கடையில் விற்ற துடைக்கும் துணியில் கண்டு, சிலகாலம் தூரிகையையே தொடாமல் இருந்தவர்.

தங்கைக்கும் அது நடந்தது. புனித நீர்நிலையையும் உடும்பையும் காட்டும் அவரின் லினோ அச்சு, வியட்நாமில் நெய்து அவுஸ்திரேலியாவில் விற்கப்பட்ட கம்பளத்தில் வந்தது. ஓவியர்களுக்குப் பணம் கொடுக்கப்படுவதாக அட்டையில் வேறு பொய். மூதாதையரின் இடத்தை மிதித்து நடப்பது ஒருபுறமிருக்க, வடிவத்தைக் காக்கத் தவறிய பொறுப்பு, அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும், குலத்தின் முன் அவர்மேல்தான் விழும்.

எட்டு ஓவியர்களின் படைப்புகளுக்காக நடந்த வழக்கில் உயிரோடிருந்த மூவரில் அவரும் ஒருவர். 1994இல் சமஷ்டி நீதிமன்றம் 188,640 டொலர் நட்டஈடு விதித்தது. பண்பாட்டுப் பாதிப்பும் கணக்கில் எடுக்கப்பட்டது. தொகையைப் பிரித்துக் கொடுக்காமல், ஓவியர்கள் கேட்டபடி மொத்தமாகவே வழங்கியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் இறக்குமதி செய்த நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பணம் அவர்களின் கைக்கு வரவேயில்லை.